எஃப்.எம்.சி.க்கு எந்தக் காற்றைச் சொல்வது?

ஃப்ளைட் சிமுலேட்டரில் போயிங் 737, ஏர்பஸ் ஏ320 போன்ற பயணிகள் விமானங்களை முறைப்படி இயக்கப் பழகுபவர்கள், புறப்படும் முன் விமானக் கணினியில் நிரப்ப வேண்டிய பக்கங்களை விரைவிலேயே மனப்பாடமாக்கிக்கொள்கிறார்கள். வழித்தடம், எடை, எரிபொருள், காஸ்ட் இண்டெக்ஸ் (நேரத்தின் செலவையும் எரிபொருள் செலவையும் ஒப்பிடும் எண்), பயண உயரம் ஆகியவற்றை இட்டு முடித்ததும் எஃப்.எம்.சி. எனப்படும் அந்தக் கணினி மேற்கொண்டு எதையும் வற்புறுத்திக் கேட்பதில்லை. காற்றுக்கான கட்டங்கள் வெறும் கோடுகளாகவே இருந்தாலும் விமானம் புறப்படுகிறது, வழித்தடத்தைப் பிசகாமல் பின்பற்றுகிறது, சேர வேண்டிய ஊருக்குப் போய்ச் சேர்கிறது. இப்படி விட்டுவிட்டாலும் எதுவும் கெடுவதாகத் தெரியாததால்தான், பல ஆண்டுகளாகப் பறப்பவர்களில்கூடப் பலர் அந்தக் கட்டங்களைத் தொடுவதே இல்லை. தொடுபவர்களும் ஒரு பொத்தானை அழுத்தி எல்லாக் காற்றையும் மொத்தமாக இறக்கிக்கொண்டு, என்ன வந்தது என்று பார்க்காமலே அடுத்த பக்கத்திற்குப் போய்விடுகிறார்கள். எந்தக் காற்றை, எந்த உயரத்திற்கு, எதற்காகக் கணினியிடம் சொல்கிறோம் என்று தெரிந்துகொண்டு இடும் நான்கைந்து எண்கள், தெரியாமல் இறக்கிக்கொள்ளும் நூறு எண்களைவிடப் பயனுள்ளவை என்பது என் கருத்து. அதற்கான காரணங்களை இங்கே எழுதுகிறேன்.

முதலில், இந்தக் காற்று எதற்குப் பயன்படுவதில்லை என்பதைச் சொல்லிவிடலாம். விமானம் வழித்தடத்தை விட்டு விலகாமல் பறப்பதற்கு முன்னறிவிப்புக் காற்று தேவையே இல்லை. காற்றைச் சார்ந்து தான் எந்த வேகத்தில், எந்தத் திசையை நோக்கிப் போகிறது என்பதை விமானம் தன் உணரிகளால் அறிகிறது. தரையைச் சார்ந்து எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்பதை ஐ.ஆர்.எஸ். (அசைவை உணர்ந்து இருப்பிடத்தைக் கணிக்கும் கருவி), ஜி.பி.எஸ். ஆகியவை சொல்கின்றன. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடுதான் அப்போது வீசும் காற்று. நேவிகேஷன் டிஸ்ப்ளேயின் மேல் மூலையில் சிறு அம்புக்குறியோடு தோன்றும் காற்று அப்படி அளந்து பெறப்பட்டதே. பக்கக்காற்றுக்கு ஏற்ப மூக்கை எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதும் அதிலிருந்தே முடிவாகிறது. நாம் இடும் எண்களுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

கணினிக்குத் தெரியாதது, இன்னும் போய்ச் சேராத இடத்தில் வீசும் காற்று மட்டுமே. அடுத்த வழிப்புள்ளியை எத்தனை மணிக்குக் கடப்போம், இறங்கும்போது தொட்டியில் எவ்வளவு எரிபொருள் மிஞ்சும், எந்த இடத்தில் இறக்கத்தைத் தொடங்க வேண்டும், சிக்கனமான வேகம் எது என்பவை எல்லாம் வருங்காலத்தைப் பற்றிய கேள்விகள். அளந்தறிந்த காற்று அவற்றுக்கு விடை தராது. ஆகவே பறக்கும்போது கணினி இரண்டு காற்றுகளையும் கலந்து பயன்படுத்துகிறது. விமானத்திற்கு அருகிலுள்ள தொலைவுக்கு அளந்த காற்றை அதிகமாக நம்புகிறது; தொலைவு கூடக்கூட நாம் தந்த முன்னறிவிப்பின் பக்கம் சாய்கிறது. நாம் எதுவும் தராவிட்டால் அந்தத் தொலைவான பகுதிக்கு அதனிடம் உருப்படியான தகவல் எதுவும் இருக்காது.

இது எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்கு, ஜனவரி மாதத்தில் தில்லியிலிருந்து கொல்கத்தாவுக்குப் போய்த் திரும்பும் 737-800 விமானத்தை எடுத்துக்கொள்வோம். குளிர்காலத்தில் வட இந்தியாவின் மேல், ஏறத்தாழ 35,000 அடியிலிருந்து 40,000 அடி வரையிலான உயரங்களில், மேற்கிலிருந்து கிழக்காக வீசும் துணைவெப்பமண்டலத் தாரைக்காற்று (உயரே குறுகிய பட்டையாக விரைந்தோடும் காற்று) நிலைகொண்டிருக்கும். அதன் வேகம் 100 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்) அளவைத் தாண்டுவது அந்த மாதங்களில் அரிதன்று. 270 பாகையிலிருந்து 110 நாட் வீசுவதாகவும், மாக் 0.78இல் (ஒலியின் வேகத்தில் 0.78 பங்கு) பறக்கும் விமானத்தின் காற்றுவேகம் 450 நாட் என்றும் வைத்துக்கொள்வோம். வழித்தடம் நேர் கிழக்காக இல்லாமல் தென்கிழக்காகச் சாய்ந்திருப்பதால் முழுக் காற்றும் உதவாது. அதில் ஏறத்தாழ 97 நாட் மட்டுமே பின்காற்றாகச் சேரும். போகும்போது தரைவேகம் 545 நாட் அளவில் இருக்கும், திரும்பும்போது 350 நாட் அளவுக்கு இறங்கிவிடும். பயண உயரத்தில் கடக்கும் 500 கடல்மைலுக்கு, போகும்போது 55 நிமிடமும் திரும்பும்போது 86 நிமிடமும் ஆகும். மணிக்குச் சுமார் 2,400 கிலோ எரிக்கும் விமானத்திற்கு இந்த அரைமணி நேர வேறுபாடு 1,200 கிலோவுக்கு மேல் வருகிறது. காற்று இடப்படாத கணினி இரண்டு பயணங்களுக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தையும் ஒரே மீதி எரிபொருளையும் காட்டிக்கொண்டு தரையில் நிற்கும்.

காற்றில் இன்னொரு நுட்பமும் உண்டு. பக்கக்காற்று நேரத்தைப் பாதிக்காது என்று பலர் எண்ணுகிறார்கள். சென்னையிலிருந்து தில்லிக்கு வடக்கு நோக்கிப் பறக்கும்போது 100 நாட் காற்று நேர் குறுக்காக வீசினால், விமானம் தன் வேகத்தின் ஒரு பகுதியை அதை எதிர்ப்பதற்கே செலவிட வேண்டியிருக்கும். 450 நாட் காற்றுவேகத்தில் தரைவேகம் 439 நாட் அளவுதான் மிஞ்சும். அது சிறிய இழப்புதான் என்றாலும், போகும்போதும் வரும்போதும் ஒரே அளவில் இழப்பாகவே இருப்பதுதான் அதன் தனித்தன்மை.

இனி 737இல் இடும் முறைக்கு வருகிறேன். எடையும் எரிபொருளும் இடும் பெர்ஃப் இனிட் பக்கத்தில் பயண உயரத்திற்கான காற்றுக் கட்டம் ஒன்று உண்டு. திசையை மூன்று இலக்கத்திலும், சாய்கோட்டுக்குப் பின் வேகத்தையும் திரையின் அடியிலுள்ள எழுத்துப்பட்டையில் தட்டி அங்கே இட்டால், அந்த ஒரே காற்று முழு வழிக்கும் பொருந்துவதாகக் கணினி எடுத்துக்கொள்ளும். ஒரு மணி நேரப் பயணங்களுக்குப் பெரும்பாலும் இது போதும். தில்லி–கொல்கத்தா போன்ற வழிகளில் போதாது. ஏனெனில் தாரைக்காற்றின் நடுப்பகுதி வடக்கே இருக்க, கொல்கத்தாவை நெருங்கும்போது காற்று தளர்ந்துவிடும். அத்தகைய வழிகளுக்கு வழிப்புள்ளிகளை வரிசையாகக் காட்டும் லெக்ஸ் பக்கத்திலிருந்து ரூட் டேட்டா பக்கத்திற்குச் சென்று, வழிப்புள்ளிகளுக்குத் தனித்தனியாகக் காற்றை இட வேண்டும். இட்டதும் எக்ஸிக்யூட் பொத்தானின் விளக்கு எரியும். அதை அழுத்தினால்தான் எண்கள் கணக்கில் சேரும்.

எல்லா வழிப்புள்ளிக்கும் இட வேண்டிய கட்டாயமில்லை. போயிங் கணினிகளில் ஒரு புள்ளிக்கு இட்ட காற்று, அடுத்து நாம் காற்று இட்டிருக்கும் புள்ளி வரை தானாகவே முன்னோக்கிப் பரவும். நாம் கையால் இட்டவை பெரிய எழுத்திலும், பரவிச் சேர்ந்தவை சிறிய எழுத்திலும் தெரியும். இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொண்டவர்கள், முப்பது வழிப்புள்ளிகள் உள்ள பயணத்திலும் ஐந்தாறு இடங்களில் மட்டுமே காற்றை இடுவார்கள். எங்கே காற்றின் திசை 20 பாகைக்கு மேல் மாறுகிறதோ, எங்கே வேகம் 20 நாட் அளவுக்குக் கூடவோ குறையவோ செய்கிறதோ, அந்தப் புள்ளிகளைத் தேர்ந்தெடுப்பது என் வழக்கம். இந்த எல்லை எந்தக் கையேட்டிலிருந்தும் எடுத்ததன்று. அதைவிட நுணுக்கமாகப் போனால் முன்னறிவிப்பின் பிழைக்குள்ளேயே நாம் துல்லியம் தேடிக்கொண்டிருப்போம் என்ற எண்ணத்தில் நான் வைத்துக்கொண்டது.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன? உண்மையான விமான நிறுவனங்களுக்கு உலகம் முழுமைக்குமான மேல்வளிமண்டல முன்னறிவிப்பை லண்டன், வாஷிங்டன் என்னும் பெயர்களில் இயங்கும் இரண்டு உலகப் பகுதி முன்னறிவிப்பு மையங்கள் நாளொன்றுக்கு நான்கு முறை வெளியிடுகின்றன. லண்டன் மையத்தை எக்ஸிட்டர் நகரிலுள்ள பிரித்தானிய வானிலை அலுவலகம் நடத்துகிறது. சிமுலேட்டரில் பறப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் சிம்ப்ரீஃப் என்ற இணையச் சேவை தரும் பறப்புத் திட்டத்தையே நம்பியிருக்கிறோம்; அது அமெரிக்க வானிலைத் துறையின் ஜி.எஃப்.எஸ். மாதிரியிலிருந்து காற்றை எடுத்து, வழிப்புள்ளி வாரியாகவும் உயரம் வாரியாகவும் அச்சிட்டுத் தருகிறது. வானிலை வரைபடங்களில் நேரடியாகப் பார்க்க விரும்புபவர்கள் அழுத்த மட்டங்களை உயரங்களாக மாற்றத் தெரிந்திருக்க வேண்டும். 200 ஹெக்டோபாஸ்கல் என்பது ஃப்ளைட் லெவல் 390 (நூறு அடிகளில் சொல்லும் உயரம், அதாவது 39,000 அடி), 250 என்பது 340, 300 என்பது 300, 500 என்பது 180, 700 என்பது 100, 850 என்பது 50. இந்த ஆறு இணைகளையும் தெரிந்துவைத்திருந்தால் எந்த வரைபடத்தையும் எஃப்.எம்.சி.யின் மொழிக்கு மாற்றிவிடலாம்.

மேல்காற்றை அளக்கத் தொடங்கியவர்களில் ஒருவரைப் பற்றி இங்கே ஒரு வரி சொல்ல ஆசை. ஜப்பானின் தத்தேனோ வான்காணகத்தில் பணியாற்றிய வாசபுரோ ஓய்ஷி, 1920களில் பலூன்களைப் பறக்கவிட்டு, குளிர்காலத்தில் மிக உயரத்தில் மிகக் கடுமையான மேற்குக் காற்று வீசுவதைக் கண்டறிந்தார். உலகமே படிக்கட்டும் என்று 1926இல் அந்த அறிக்கையை எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். உலகம் அதைப் படிக்கவில்லை. இன்று அதே வகைக் காற்றைக் கணக்கில் கொள்ளாமல் அட்லாண்டிக் பெருங்கடலின் மேல் ஒரு விமானமும் புறப்படுவதில்லை. 2020 பிப்ரவரியில் சியாரா புயலின்போது நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குச் சென்ற பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 விமானம் 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது இந்தக் காற்றின் உதவியால்தான்.

நீண்ட பயணங்களில் ஒரே உயரத்துக் காற்று மட்டும் போதாது. 777, 747 போன்ற விமானங்களில் ஒவ்வொரு வழிப்புள்ளிக்கும் நான்கு உயரங்கள் வரை காற்றை இடலாம். எரிபொருள் எரிந்து விமானம் இலகுவாக ஆக, மேலும் உயரே ஏறுவது சிக்கனமாகும். ஆனால் மேலே எதிர்க்காற்று வலுவாக இருந்தால் ஏறாமல் இருப்பதே நல்லது. எடையை மட்டும் கொண்டு கணிக்கப்படும் உகந்த உயரம் இதைக் கருதுவதில்லை. 777இன் க்ரூஸ் பக்கத்தில் தோன்றும் பரிந்துரை உயரம் நாம் இட்ட காற்றையும் சேர்த்துக் கணிக்கிறது. பல உயரங்களின் காற்று அதனிடம் இல்லாவிட்டால் அந்தப் பரிந்துரைக்குப் பொருளில்லை. காஸ்ட் இண்டெக்ஸ் வழியாக வரும் சிக்கன வேகமும் அவ்வாறே. எதிர்க்காற்றில் சற்று வேகமாகவும் பின்காற்றில் சற்று மெதுவாகவும் பறப்பதே சிக்கனம் என்பதால், கணினி அதற்கேற்ப மாக் எண்ணை மாற்றிக்கொள்ளும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது இறக்கத்திற்கான காற்று. பயணக் காற்றை இடுபவர்களில் பலரும் இதை இடுவதில்லை. ஆனால் சிமுலேட்டரில் பறப்பவர் கண்ணால் பார்த்து, கையால் உணரக்கூடிய விளைவு இதில்தான் இருக்கிறது. பயணக் காற்றில் தவறினால் வந்துசேரும் நேரம் சில நிமிடம் பிசகும். இறக்கக் காற்றில் தவறினால் விமான நிலையத்தின் வாசலில் மூவாயிரம் அடி உயரத்தில் தொங்கிக்கொண்டிருப்போம்.

737இல் டிசென்ட் பக்கத்தின் கீழ்வரிசையில் ஃபோர்காஸ்ட் என்று ஒரு வழி இருக்கும். அதனுள் மூன்று உயரங்களுக்குக் காற்று இடலாம். டிரான்சிஷன் லெவல் (உயரமானியை உள்ளூர் அழுத்தத்துக்கு மாற்றும் உயரம்), பனியெதிர்ப்பு அமைப்பை இயக்கும் உயரங்கள், வெப்பநிலை விலகல், கியூ.என்.எச். எனப்படும் கடல்மட்டக் காற்றழுத்தம் ஆகியவற்றுக்கும் அங்கேயே இடமுண்டு. கணினி இந்த எண்களைக் கொண்டு, எஞ்சின்கள் ஐடில் நிலையில் இருக்க விமானம் சறுக்கி இறங்கும் பாதையை வரைகிறது. அந்தப் பாதை பயண உயரத்தைத் தொடும் இடமே டாப் ஆஃப் டிசென்ட். பாதை காற்றிலே வரையப்படவில்லை, தரையைச் சார்ந்து வரையப்படுகிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 37,000 அடியிலிருந்து இறங்க இருபது நிமிடத்திற்கு மேல் ஆகும். அந்த இருபது நிமிடமும் கணினி அறியாத 30 நாட் பின்காற்று சராசரியாக வீசினால், விமானம் 10 கடல்மைல் கூடுதலாகத் தள்ளப்பட்டிருக்கும். ஆயிரம் அடிக்கு மூன்று கடல்மைல் என்ற கணக்கில் அது 3,300 அடிக்குச் சமம். இறக்கத்தைத் தானாக நெறிப்படுத்தும் வி-நேவ் அமைப்பு பாதையை விடாமல் பிடிக்க முயலும். அதனால் வேகம் கூடும். பிறகு டிராக் ரிக்வயர்ட் (வேகத்தடை தேவை) என்ற செய்தி எழுத்துப்பட்டையில் தோன்றும். நாம் ஸ்பீட்பிரேக்கை இழுத்துக்கொண்டு உட்கார வேண்டும். மாறாக, அறியாத எதிர்க்காற்று வீசினால் விமானம் பாதையை எட்டாமல் தவிக்கும், எஞ்சின் வேகத்தைக் கூட்டிக்கொண்டு இறங்க வேண்டியிருக்கும், எரிபொருள் வீணாகும்.

சென்னையில் இறங்குபவர்களுக்கு இது ஏட்டுக் கணக்கன்று. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவின் மேல் காற்று இரண்டு அடுக்குகளாக, ஒன்றுக்கொன்று எதிராக வீசுகிறது. கீழே, முதல் சில ஆயிரம் அடிகளில், அரபிக்கடலிலிருந்து வரும் வலுவான மேற்குக் காற்று. மேலே, வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று. இந்த மேலடுக்குத் தாரைக்காற்றை இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம் 1958இல் விளக்கி எழுதினார். அதன் நடுப்பகுதி விமானங்கள் பறக்கும் உயரத்திற்கும் மேலே, 100 முதல் 150 ஹெக்டோபாஸ்கல் மட்டங்களில், ஏறத்தாழ சென்னையின் அட்சரேகையை ஒட்டியே ஓடுகிறது. அதன் அடிப்பகுதி 37,000 அடியிலும் நன்றாகவே உணரப்படும்.

ஜூலை மாதத்தில் துபாயிலிருந்து சென்னைக்குக் கிழக்கு நோக்கி வரும் 737ஐ நினைத்துக்கொள்ளுங்கள். 37,000 அடியில் 090 பாகையிலிருந்து 45 நாட் எதிர்க்காற்று. விமானி பயணக் காற்றை மட்டும் இட்டிருக்கிறார். கணினி அந்த எதிர்க்காற்று தரைவரை படிப்படியாகக் குறைந்துகொண்டு போகும் என்று கொண்டால், இறக்கம் முழுவதும் எதிர்க்காற்றின் உதவி கிடைக்கும் என்று நம்பி டாப் ஆஃப் டிசென்ட்டை விமான நிலையத்துக்குச் சற்று நெருக்கமாக வைக்கும். உண்மையில் 20,000 அடியை ஒட்டிக் காற்று செத்து, அதற்குக் கீழே 270 பாகைப் பக்கத்திலிருந்து 25 நாட் அளவில் பின்காற்றாக மாறிவிடும். கடைசிப் பன்னிரண்டு நிமிடங்களில், எதிர்பார்த்த சிறு எதிர்க்காற்றுக்கும் உண்மையான பின்காற்றுக்கும் இடையே 35 நாட்டுக்கு மேல் வேறுபாடு. தொலைவில் அது ஏழு கடல்மைல். உயரத்தில் இரண்டாயிரம் அடிக்கு மேல். காற்று இடாமலே விட்டிருந்தால்கூட இவ்வளவு தவறாது. பயணக் காற்றை இட்டு இறக்கக் காற்றை விட்டதால்தான் பிழை பெருகுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆகவே மூன்று உயரங்கள்தான் கிடைக்கும் என்றால் அவற்றைச் சம இடைவெளியில் வைப்பது சரியன்று. இந்த உதாரணத்தில் ஃப்ளைட் லெவல் 340இல் ஒன்று, காற்று திரும்பும் 200இல் ஒன்று, 5,000 அடியில் மூன்றாவது என்று வைத்தால் பாதை உண்மைக்கு மிக நெருங்கிவிடும். குளிர்கால தில்லியில் காற்று திசை திரும்புவதில்லை, ஆனால் உயரம் குறையக் குறைய வேகமாகத் தளர்கிறது. அங்கே 350, 240, 100 என்று மேற்பகுதியில் நெருக்கமாக வைப்பதே பொருத்தம். பறப்புத் திட்டத்தின் இறக்கக் காற்றுப் பட்டியலை ஒரு நிமிடம் மேலிருந்து கீழாக வாசித்தால், எந்த மூன்று வரிகள் கதையைச் சொல்கின்றன என்று தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் சரிபார்க்கவும் வழி உண்டு: மீனம்பாக்கத்திலிருந்து நாள்தோறும் வானிலை பலூன்கள் அனுப்பப்படுகின்றன, அவை அளந்த காற்று இணையத்தில் எவரும் பார்க்கக் கிடைக்கிறது.

ஏர்பஸ் விமானங்களில் தத்துவம் ஒன்றே, வீடுதான் வேறு. இனிட் பக்கத்திலிருந்து ஏற்றம், பயணம், இறக்கம் என்ற மூன்று காற்றுப் பக்கங்களுக்குச் செல்லலாம். திசை, வேகம், உயரம் மூன்றையும் சாய்கோடுகளால் பிரித்து இட வேண்டும். அவசரக்காரர்களுக்கு முழுப் பயணத்திற்குமான சராசரி எதிர்க்காற்று அல்லது பின்காற்றை ஒரே எண்ணாக இடும் கட்டமும் உண்டு. முந்தைய இறக்கத்தில் விமானம் தானே அளந்த காற்றைச் சேமித்துவைத்து, திரும்பிப் புறப்படும்போது ஏற்றக் காற்றாகப் பயன்படுத்தச் சொல்லும் ஹிஸ்டரி விண்ட் என்ற பக்கம் எனக்கு மிகப் பிடித்தது. வந்த ஊரிலிருந்தே ஒரு மணி நேரத்தில் திரும்பும் விமானத்திற்கு இதைவிட நம்பகமான முன்னறிவிப்பு இருக்க முடியாது. அதே இனிட் பக்கத்தில் டிரோப்போபாஸ் (மேலே போகப்போக வெப்பம் குறைவது நின்றுவிடும் எல்லை) உயரத்தை 36,090 அடி என்று கணினி தானாகவே வைத்திருக்கும். அது நிலநடுக்கோட்டுப் பகுதிகளுக்குப் பொருந்தாது. சென்னையின் மேல் அது 50,000 அடிக்கும் மேலே இருக்கும். பறப்புத் திட்டம் தரும் எண்ணை அங்கே இடுவது வெப்பநிலைக் கணிப்பைச் சரிசெய்யும்.

இதுவரை சொன்னவை அனைத்தும் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டவை: முன்னறிவிப்பு எந்த வானத்தைப் பற்றியதோ, அந்த வானத்தில்தான் நாம் பறக்க வேண்டும். உண்மை விமானிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை; அவர்களுக்கு இருப்பது ஒரே வானம். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் தன் வானிலையை சுவிட்சர்லாந்தின் மீட்டியோபுளூ நிறுவனத்திடமிருந்து பெறுகிறது. சிம்ப்ரீஃப் அமெரிக்க மாதிரியைப் பயன்படுத்துகிறது. இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகும், தாரைக்காற்றின் ஓரங்களில் மட்டும் சில சமயம் பிணங்கும். எக்ஸ்-பிளேன் 12 சிமுலேட்டரும் அமெரிக்க ஜி.எஃப்.எஸ். தரவையே எடுப்பதால் அங்கே பொருத்தம் கூடுதல். ஆக்டிவ் ஸ்கை போன்ற வானிலை மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள், அது தான் உருவாக்கும் காற்றையே கோப்பாக எழுதித்தருவதால், அந்தக் கோப்பிலிருந்தே எண்களை எடுப்பது நல்லது. காலையில் தயாரித்த திட்டத்தை வைத்துக்கொண்டு இரவில் பறப்பதும் இதே வகைப் பிணக்கை உண்டாக்கும். திட்டத்தைப் புதுப்பிக்க ஒரு நிமிடம் போதும்.

எல்லாவற்றிலும் மோசமானது, சிமுலேட்டரில் தெளிந்த வானம் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டு, திட்டத்திலிருந்து உண்மைக் காற்றைக் கணினிக்குள் ஏற்றுவது. வெளியே இலையசையாத வானம். உள்ளே 110 நாட் தாரைக்காற்று. அப்போது டாப் ஆஃப் டிசென்ட் 20 கடல்மைல் பிசகினாலும் வியப்பதற்கில்லை. அப்படிப் பறக்க விரும்புபவர்கள் காற்றுக் கட்டங்களை வெறுமையாக விடுவதே முறை. மைக்ரோசாஃப்டின் பழைய எஃப்.எஸ்.எக்ஸ். சிமுலேட்டர் காலத்தில் காற்று ஒரு நொடியில் திசை மாறி விமானத்தை அதிவேக எச்சரிக்கைக்குள் தள்ளிவிடும். அதைத் தணிக்கவே தனி மென்பொருள் வைத்திருந்தார்கள். அந்த நாளில் முன்னறிவிப்பை நுணுக்கமாக இடுவதில் பெரிய பொருளில்லை என்று பலர் விட்டுவிட்டார்கள். அந்தப் பழக்கம்தான் இன்னும் தொடர்கிறது என்று நினைக்கிறேன். இன்றைய சிமுலேட்டர்களில் காற்று இடத்திற்கு இடம் சீராகவே மாறுகிறது. பழைய சாக்கு செல்லாது.

தானாக இறக்கிக்கொள்ளும் வசதியை நான் குறை சொல்லவில்லை. உண்மை விமானங்களிலும் ஏ.கார்ஸ் எனப்படும் தரவுச் செய்தி இணைப்பு வழியாகக் காற்று வந்து சேர்கிறது. விமானி பார்த்து ஏற்கிறார். 777இல் பத்து மணி நேரம் பறக்கும்போது நாற்பது புள்ளிகளுக்கு நான்கு உயரங்களில் கையால் தட்டுவது வீண் உழைப்பு. ஆனால் வந்த எண்களை ஏற்கும் முன் இரண்டு இடங்களையாவது திட்டத்தோடு ஒப்பிட வேண்டும்: வழியில் காற்று மிக வலுவாக இருக்கும் புள்ளி ஒன்று, இறக்கப் பக்கத்தின் நடு வரி ஒன்று. ஏற்பதற்கு முன்னும் பின்னும் ப்ராக்ரஸ் பக்கத்தில் சேருமிடத்து எரிபொருளைப் பார்த்துக்கொள்வதும் பயன் தரும். திட்டம் சொல்லும் மீதிக்கும் கணினி காட்டும் மீதிக்கும் இருநூறு கிலோவுக்குள் வேறுபாடு வந்தால் காற்று சரியாக ஏறியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். குறுகிய உள்நாட்டுப் பயணங்களுக்கு நான் கையால் இடுவதையே விரும்புகிறேன். எண்களைத் தட்டும்போதே இன்றைய வானம் எப்படி இருக்கிறது என்று ஒரு படம் மனத்தில் விழுந்துவிடுகிறது.

திசை பற்றி ஒரு எச்சரிக்கை. முன்னறிவிப்புக் காற்று உண்மை வடக்கைச் சார்ந்தது, எஃப்.எம்.சி.யின் பயண, இறக்கக் காற்றுப் பக்கங்களும் அதையே எதிர்பார்க்கின்றன. விமான நிலைய வானிலையைச் சொல்லும் மெட்டார் அறிக்கையில் எழுத்தாக வருவதும் உண்மை வடக்கே. ஆனால் கட்டுப்பாட்டுக் கோபுரம் வாய்மொழியாகச் சொல்லும் காற்று காந்த வடக்கைச் சார்ந்தது. ஏர்பஸ்ஸின் அப்ரோச் பக்கத்தில் இடுவதும் அதைத்தான். சென்னையில் இரண்டுக்கும் ஒன்றிரண்டு பாகைதான் வேறுபாடு என்பதால் நம்மூரில் பறப்பவர்கள் இதைக் கவனிக்காமலே காலம் தள்ளலாம். சியாட்டில் பக்கம் போனால் அது 15 பாகை. ஏர்பஸ்ஸில் அந்தக் கட்டத்திலுள்ள காற்று வெறும் கணிப்புக்கானது அன்று. அணுகு வேகத்தையும், காற்று திடீரென மாறும்போது வேகத்தைத் தானாகக் கூட்டிக்குறைக்கும் கிரவுண்ட் ஸ்பீட் மினி அமைப்பையும் அதுவே தீர்மானிக்கிறது.

இறக்கம் தொடங்க இருபது நிமிடம் இருக்கும்போது ஃபோர்காஸ்ட் பக்கத்தை மறுபடி திறந்து பார்ப்பது நல்லது. நேவிகேஷன் டிஸ்ப்ளே காட்டும் காற்றுக்கும் நாம் மேல் வரியில் இட்ட காற்றுக்கும் 15 நாட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால் மேல் வரியைத் திருத்தலாம். விமான நிலையம் ஒலிபரப்பும் ஏடிஸ் அறிவிப்பின் கியூ.என்.எச்.ஐயும் அப்போதே இட்டுவிடலாம். நடு வரியைத் தொட வேண்டாம், அதற்கு மாற்றாக நம்மிடம் புதிய தகவல் எதுவும் இல்லை. சிமுலேட்டர் விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் இணையத்தில் கூடும் வாட்சிம் வலையமைப்பில் கட்டுப்பாட்டாளரோடு பறக்கும்போது இத்தனை கவனமாக வரைந்த பாதையை அவர் திசையை மாற்றச் சொல்லும் ஒரே வெக்டர் ஆணையில் கலைத்துவிடுவார். அப்போது உயரத்தின் ஆயிரங்களை மூன்றால் பெருக்கி, ஒவ்வொரு 10 நாட் பின்காற்றுக்கும் மூன்று கடல்மைல் கூட்டி, எதிர்க்காற்றானால் கழித்து, மனக்கணக்கில்தான் இறங்க வேண்டும். அந்தக் கணக்கில் எந்தக் காற்றை எடுப்பது என்பது, சற்று முன் கணினியில் தட்டிய மூன்று வரிகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.